தண்ணி கலந்த ரத்தம்

பால் சேகரிப்பு நிலையத்தில் அவனை எல்லாரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி அல்ல. பள்ளிக்கூடத்தைத் தாண்டியதே பெரும்பாடு. பாலில் கண்ணாடிப் பால்மானியை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து, "இருபத்தெட்டு டிகிரி! அடுத்து வாங்க! இருபத்துமூணு டிகிரி! என்னய்யா இது, மாட்டைக் கழுவின தண்ணியா?" என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருப்பவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

வேலையில் கெட்டிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவனைப் பற்றிப் பெருமையாக அதிகம் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. எப்போதும் ஊதாச் சட்டை போட்டு வருகிற ஒருத்தர் கொண்டுவரும் பால் என்றைக்கும் இருபத்தெட்டில்தான் நிற்கும். கூடாது, குறையாது. பார்வைக்கு மட்டும் லேசாக நீலம் பாய்ந்தாற்போல இருக்கும். ஒருநாள் டிகிரி அந்தப் பாலை மொண்டு வாயில் ஊற்றிப் பார்த்தான். நாக்கில் எதுவும் ஒட்டவில்லை. விஷயம் பிடிபட்டுவிட்டது. பாலில் தண்ணீர் ஊற்றினால் பால்மானியின் எண் இறங்கும். பாலாடையை எடுத்துவிட்டால் எண் ஏறும். மனிதர் இரண்டையும் செய்திருந்தார். ஆடையை வீட்டிலேயே வழித்து வைத்துக்கொண்டு, ஏறின எண்ணைத் தண்ணீர் ஊற்றி இறக்கி, பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பலே ஆள்.

"நம்பர் சரியாத்தானே இருக்கு?" என்றார் ஊதாச் சட்டை, ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"நம்பர் சரி. பால் எங்கய்யா?" என்றான் டிகிரி.

வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஒரு கேள்வியால் அவனுக்குப் பேர் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். போகப்போக, அவன் ஊதாச் சட்டை என்று வாயைத் திறந்தாலே, தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல், "நம்பர் சரி, பால் எங்கய்யா, தெரியும் தெரியும்" என்று அவளே முடித்துவைப்பாள்.

அவள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின். மெஷினுக்கு மேலே தகரக் கூரை. கழிப்பறை கீழே முற்றத்தில், எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

முதல் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அங்கே யாரையும் குறை சொல்லிவிட முடியாது, கூட்டம் அப்படி. குழந்தை இறந்தே பிறந்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், பிழைத்ததே பெரிது என்றார்கள். பிறகு படுக்கவைத்த இடத்தில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு தாயும் பிள்ளையும், அந்தப் பக்கம் ஒரு தாயும் பிள்ளையும். பால் கட்டி வலித்த நெஞ்சோடு, பக்கத்துப் பிள்ளைகள் பசிக்கு அழுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி உண்டானபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னொரு தடவை அந்த வாசல் வேண்டாங்க."

"சத்தியமா வேண்டாம். இது என் பொறுப்பு," என்றான் டிகிரி.

அடுத்த தெருவிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஆறு கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜன்னல். அங்கே மூத்த நர்ஸாக இருந்த சிஸ்டரம்மாவின் வெள்ளை உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பதே இவள்தான். "நீ வாடீ, நான் பாத்துக்கறேன்," என்று சிஸ்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தால் பிரசவத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். அவர்களிடம் ரத்தம் சேமித்துவைக்க வசதி இல்லை. குறைவாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

ஐந்தாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது புள்ளி இரண்டு.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். வெளியே வரிசை நீண்டுகிடந்ததால் மூச்சு விடாமல் பேசினார்.

"முதல் பிரசவத்துல நிறைய ரத்தம் போயிருக்கு. போன இரும்புச்சத்து திரும்பச் சேர்றதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு. சாப்பாடும் பத்தலை. மெஷின்ல உக்காந்துக்கிட்டு டீயா குடிக்கிறீங்க போல, அதைக் குறைங்க. வயித்துப் பூச்சிக்கு மாத்திரை தரேன். அதோட, மாசமா இருக்கும்போது ரத்தத்துல தண்ணி கூடும். அதனால நம்பர் கொஞ்சம் இறங்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா உங்களுக்கு அதையும் தாண்டி இறங்கியிருக்கு. இந்த இரும்பு மாத்திரையை வெறும் வயித்துல, தண்ணியில போடுங்க."

"பத்து வந்தாப் போதுமில்ல மேடம்?" என்று கேட்டான் டிகிரி.

"பத்துக்கு மேல இருந்தா இங்கேயே பாத்துக்கலாம்."

டாக்டரம்மா சொன்னது எத்தனை விஷயம்! டீ, சாப்பாடு, பூச்சி, முதல் பிரசவம், மாத்திரை. எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று. அவன் மண்டையில் தங்கினது ஒன்றே ஒன்று. ரத்தத்துல தண்ணி கூடும். தண்ணீர் கூடினால் எண் இறங்கும். இதைச் சொல்ல அவனுக்கு ஒரு டாக்டர் வேண்டுமா? வருஷக்கணக்காக அவன் பார்த்துக்கொண்டிருப்பதே இந்த வேலையைத்தானே! வீட்டுக்கு நடந்து போகிற வழியிலேயே முடிவு கட்டிவிட்டான். தண்ணீரைக் குறைத்தால் எண் ஏறிவிடும்.

மறுநாள் காலையில் நிலையத்தில் இருந்து ஒரு கால் லிட்டர் அளவுக் குவளை வீட்டுக்கு வந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய ஒன்று. அவ்வளவுதான் தண்ணீர்.

"நான் என்ன பால் கேனா, அளந்து ஊத்தறதுக்கு?" என்றாள் மனைவி.

"ரத்தத்துல தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"தண்ணி குடிக்காதேன்னா சொன்னாங்க?"

"அப்படி வெளிப்படையாச் சொல்லுவாங்களா? அர்த்தம் அதுதான்."

மாத்திரையைத் தண்ணீரில் போடச் சொன்னதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. இருக்கிற தண்ணீர் போதாதென்று அதற்கு வேறு தனியாகவா? அதுவும் பால்காரன் வீட்டில்? காலையில் கறந்த பாலைக் காய்ச்சி, ஒரு பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, மாத்திரையை அவனே அவள் வாயில் போட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான், அதில் சந்தேகமே வேண்டாம். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கீழ்வீட்டு அக்காகூடச் சொன்னாள்.

அவளும் முதலில் பெரிதாக மறுக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் மூன்று மாடி இறங்கி ஏறுகிற வேலை மிச்சம். அதைவிட, அந்தப் பத்து அவளுக்கும் வேண்டியிருந்தது. ராத்திரியில் கண்ணை மூடினால் இந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் அழுதன. அந்த இடத்துக்குத் திரும்பப் போகாமல் இருப்பதற்குத் தாகத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால் பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்தாள்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போனது. தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து காக்கித் துணியைத் தைக்கிறவளுக்குக் கழுத்தில் இருந்து இடுப்பு வரை வியர்வை ஓடும். உதடு வெடித்தது. தலைவலி விடவில்லை. நூலை ஊசியில் கோக்க நாக்கில் வைத்து நனைப்பாளே, அதற்குக்கூட நாக்கில் ஈரம் இல்லை. ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்ததும், ஏதோ திருடிவிட்டவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. கீழ குழாய்ல ரெண்டு கை அள்ளிக் குடிச்சுட்டேன்."

"சரி சரி, போகட்டும். இனிமே பாத்து இருந்துக்கோ," என்று பெரிய மனதோடு மன்னித்தான்.

மன்னித்தானாம்! பிள்ளைத்தாய்ச்சி தண்ணீர் குடித்ததற்கு!

அடுத்த தடவை ரத்தம் எடுத்தபோது, அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கொஞ்சம் காட்டச் சொல்லி சிஸ்டரம்மாவிடம் கெஞ்சினான். வெளிச்சத்தில் பிடித்து, லேசாகச் சாய்த்து, ரத்தம் கண்ணாடியில் எப்படிப் படிந்து இறங்குகிறது என்று பார்த்தான்.

"ஏம்ப்பா, இது என்ன பாலா? குடு இப்படி," என்று சிஸ்டரம்மா பிடுங்கிக்கொண்டார்.

பத்து புள்ளி நான்கு.

அந்த எண் அவன் வயிற்றில் பால் வார்த்தது. டாக்டரம்மா முகத்திலும் சந்தோஷம். "பரவாயில்லையே, மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்க. இப்படியே இருந்தா இங்கேயே வெச்சுக்கலாம்."

"டாக்டர், வாய் மட்டும் எப்பவும் காஞ்சு..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"வெயில் மேடம்," என்றான் டிகிரி.

"ஆமா, இந்த வருஷம் என்ன வெயில்," என்றார் டாக்டரம்மா, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மணியை அழுத்திக்கொண்டே.

அவள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

நிலையத்தில் டிகிரியின் கால் தரையில் பாவவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பத்து புள்ளி நான்கு, பத்து புள்ளி நான்கு என்று ஒரே தம்பட்டம். ஊதாச் சட்டைக்காரர் இப்போது யோக்கியமாகத்தான் பால் ஊற்றுகிறார், அவரிடமும் சொன்னான். "எப்படிங்க ஏத்துனீங்க?" என்று அவர் கேட்டார். "அதெல்லாம் தொழில் ரகசியம்," என்று கண்ணடித்தான். பத்து புள்ளி நான்கு வந்தவனுக்குப் பதினொன்றின்மேல் ஆசை வராமல் இருக்குமா? மூன்று குவளை இரண்டு குவளையாயிற்று.

அது நடந்தது ஒரு மத்தியானம். காலைப் பால் வேலை முடிந்து, சாயங்காலப் பாலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் அவன் வீட்டில்தான் இருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. பார்த்தால், அவளுடைய ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி, துணியோடு சேர்ந்து நின்றுகொண்டிருக்கிறது. அவள் கத்தக்கூட இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடிவந்து சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் தூக்கினான். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எழும்பி நின்றது. அந்த நேரத்திலும், அந்த நேரத்திலும்கூட, படுபாவி அந்தச் சொட்டைத்தான் உற்றுப் பார்த்தான். கறுத்துச் சிவந்து இருந்தது. வழியவில்லை.

"பாத்தியா, எவ்வளவு கெட்டியா இருக்கு," என்றான்.

அவள் நாற்காலியில் இருந்து சரிந்தாள். தாங்கிப் பிடித்தபோது அவள் வயிறு கல்லாக இறுகியிருப்பது அவன் கைக்குத் தெரிந்தது. ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

எப்படி மூன்று மாடி இறக்கினான், எப்படி அடுத்த தெருவுக்குப் போனான் என்பதெல்லாம் அவனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. சிஸ்டரம்மா அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. "அடியே, தண்ணி குடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கையில் ஊசி குத்தி பாட்டிலை மாட்டினார். ஒரு பாட்டில் இறங்கிற்று. இன்னொரு பாட்டிலும் இறங்கிற்று. வயிற்று இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. குழந்தையின் துடிப்பு சீராக இருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா வந்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

எட்டு புள்ளி ஆறு.

டிகிரிக்குத் தலை சுற்றியது. பத்து புள்ளி நான்கு எங்கே, எட்டு புள்ளி ஆறு எங்கே? கண்ணெதிரே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை ஏற்றிவிட்டு எண்ணைக் கீழே தள்ளிவிட்டார்களே! அவன் பார்க்காத கலப்படமா? ஆறு கட்டிலும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"தண்ணியைக் கலந்துட்டீங்களே மேடம்! என் பொண்டாட்டி ரத்தத்துல இப்படித் தண்ணியைக் கலந்துட்டு, இப்ப எட்டுன்னா என்ன நியாயம்? அது அவ நம்பர் இல்ல! நீங்க ஊத்துன தண்ணியோட நம்பர்!"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றார் இவர்?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

தொண்டையில் ஈரம் பட்டதாலோ என்னவோ, அவளுக்கு இப்போது குரல் வந்திருந்தது. படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோபமாக இல்லை, துணிக்கு அளவு சொல்கிற மாதிரி. கால் லிட்டர் குவளை. மூன்று. அப்புறம் இரண்டு. மாத்திரைக்குப் பால். கீழ்க்குழாயில் இரண்டு கை. சிஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார்.

"இங்க பாருங்க. மாசமா இருக்கிற உடம்பு, குழந்தைக்குப் போய்ச் சேரணும்னு தானாவே ரத்தத்தைப் பெருக்கும். அந்தத் தண்ணி கலப்படம் இல்ல, அது வேணும். அதை நீங்க வத்த வெச்சுட்டீங்க. வத்துனதால நம்பர் ஏறிச்சு. உள்ள இருக்க வேண்டிய சத்து ஒரு துளிகூட ஏறலை. பாலோட போட்டா இரும்பு மாத்திரை உடம்புல சரியாச் சேராது. அதனாலதான் தண்ணியில போடச் சொன்னேன். இப்ப இருக்கிற எட்டு புள்ளி ஆறுதான் நிஜம். அந்தப் பத்து புள்ளி நாலு பொய்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அன்னிக்கு இவங்க வாய் காயுதுன்னு சொன்னப்ப நானும் நாக்கைப் பாத்திருக்கணும்," என்றார்.

டிகிரி நின்ற இடத்திலேயே நின்றான். பேய் அறைந்தவன்போல இருந்தது அவன் முகம். ஊதாச் சட்டை செய்தது ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீரால் எண்ணைச் சரிக்கட்டினது. இவன் செய்தது தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணைச் சரிக்கட்டினது. வேறு என்ன வித்தியாசம்? அவர் பாலில் செய்தார், இவன் கட்டின பெண்டாட்டியிடம் செய்தான்.

அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பர் சரி," என்றாள். "பொண்டாட்டி எங்கேன்னு கேக்க உங்களுக்குத் தோணலையேங்க."

ஊசி குத்தினது போல இருந்தது என்று சொன்னால் குறைச்சல். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெளியே போய், தாழ்வாரத்து முனையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வழியாகப் போனவர்கள் உள்ளே ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்று அவளிடம் யார் சொல்வது? சத்தியம் பண்ணினவன்தான் சொல்லவேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தான்.

"தெரியும்," என்றாள் அவள். ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த ஜன்னல் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "போலாம். ஆனா ஒண்ணு. அங்க நீங்க எந்தப் பேப்பரையும் பாக்கக் கூடாது. என் மூஞ்சியைத்தான் பாக்கணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்தை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். வீட்டில் மாத்திரை தண்ணீரோடு போயிற்று. பால் மாத்திரைக்கு ரொம்ப நேரம் தள்ளி. டீயும் சாப்பாட்டை விட்டு விலகிப் போயிற்று. கீரை, பயறு, முட்டை, மீன் என்று கீழ்வீட்டு அக்கா ஒரு பக்கம், சிஸ்டரம்மா ஒரு பக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர்க் குடத்தை டிகிரி மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தான். அவள் கீழே போகும்போதெல்லாம் கைப்பிடித்துக் கூட்டிப்போய், முற்றத்தில் காத்திருந்து, கூட்டிவந்தான். எண் ஏறிற்றா என்று அவன் கேட்கவில்லை. ஏறிக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக. பிரசவம் நெருங்கும்போதும் பத்தைத் தொடவில்லை என்று அவளே சொன்னாள்.

நிலையத்தில் ஒருநாள் ஊதாச் சட்டைக்காரர் கேட்டார். "என்னங்க, வீட்டுல பத்து புள்ளி நாலு என்ன ஆச்சு? பதினொண்ணு வந்துடுச்சா?"

"நான் தப்பா அளந்துட்டேங்க," என்றான் டிகிரி.

"நீங்களா?" என்று சிரிக்கப்போனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வலி எடுத்தது ஒரு காலையில். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே இருந்த அதே நீள பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். போன தடவையும் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தார். வேகமாக உள்ளே போனார். அப்புறம் இரண்டு பேர் ஒரு பெட்டியோடு ஓடினார்கள். அவன் எழுந்து நின்றான். யாரும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.  பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு, உள்ளே இருந்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. அது யார் பிள்ளையோ என்று நினைத்தான். சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அந்த நர்ஸ் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க வீட்டம்மாவுக்குத்தான் போன தடவை மாதிரியே ரத்தம் நிக்கலை. நல்லவேளை, குறைச்சலா இருக்குன்னு தெரிஞ்சதால ஏத்தறதுக்கு முன்னாடியே ரத்தம் தயாரா வெச்சிருந்தோம். ரெண்டு பாட்டில் ஏத்தியாச்சு. ரத்தம் இல்லாத இடமா இருந்திருந்தா..."

நர்ஸ் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஆறு கட்டில், ஆறு ஜன்னல், அடுத்த தெரு. அந்தப் பத்து புள்ளி நான்கை மட்டும் எல்லாரும் கடைசிவரை நம்பியிருந்தால், இன்றைக்கு அவள் அங்கேதான் படுத்திருப்பாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. டிகிரி இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே போகலாம் என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எழுந்தான்.

வார்டில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு தாயும் பிள்ளையும், அந்தப் பக்கம் ஒரு தாயும் பிள்ளையும். நடுவில் அவள், அவள் பக்கத்தில் துணிச்சுருளுக்குள் இவர்கள் பிள்ளை. அவள் முகம் வெளுத்து இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எண்கள் இருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான். உதடு காய்ந்திருந்தது.

"தாகமா இருக்கா?" என்று கேட்டான். அப்புறம் நர்ஸைத் திரும்பிப் பார்த்து, "தண்ணி குடுக்கலாமா?" என்றான். குடுக்கலாம் என்று அவர் தலையசைத்தார்.

ஓடிப்போய்ப் பெரிய சொம்பு ஒன்றில் தண்ணீர் பிடித்துவந்தான். வாய்வரை நிறைத்துவிட்டதால் வரும் வழியெல்லாம் சிந்தி, அவன் சட்டையில் பாதி நனைந்துபோயிருந்தது. சொம்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை. சொம்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அளந்தீங்களா?"

"இல்ல."

"அப்பக் குடுங்க," என்றாள்.